ரோட் சைக்கிள் உடுப்பு: பெயரைப் பார்க்குமுன் உள்பக்கத்தைத் திருப்புங்கள்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஏ4 வீதியில் தெற்கே மிதித்தால் கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். வழி முழுக்கச் சமதரை. புதிதாக ரோட் சைக்கிள் எடுத்தவர்கள் இதைப் பெரிய சுகம் என்று நினைப்பார்கள். மலைநாட்டில் ஓடுகிறவர் ஏற்றம் வந்தால் சீற்றை விட்டு எழும்பி மிதிப்பார், இறக்கத்தில் பெடலில் நிற்பார். பின்புறத்துக்கு அடிக்கடி ஓய்வு கிடைக்கும். இங்கே ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் கழிந்துகொண்டே போக, நீங்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருப்பீர்கள். அதோடு வியர்வை, அதோடு உப்புக் காற்று. ஆகவே இந்தக் கரையில் உடுப்புக்கு ஒதுக்கும் காசில் பாதிக்கு மேல் காற்சட்டைக்குப் போகவேண்டும். நெஞ்சில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது பிறகு.

இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஐரோப்பியர் எழுதியவை. அவர்கள் கோடை உடுப்பு என்று சொல்வது 20, 25 பாகைக்குத் தைத்தது. நமக்கு அந்தச் சூடு விடியமுன்னமே வந்துவிடும். அவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஜேர்சி மட்டக்களப்பில் எட்டு மணிக்குப் பிறகு நனைந்த சாக்கு மாதிரி உடம்பில் ஒட்டலாம். நட்சத்திரத்தை எண்ணுவதைவிட துணியின் நிறையையும் கலவையையும் பாருங்கள்.

வாங்கும் வரிசை

முதலில் ஒரு நல்ல பிப். பிப் என்றால் இடுப்பில் எலாஸ்ரிக் இல்லாமல் தோளில் பட்டி போட்டு நிற்கும் காற்சட்டை. அதன் உள்ளே, குந்தும் இடத்தில் தைத்திருக்கும் மெத்தைதான் பேட். அதற்குப் பிறகு இரண்டாவது பிப். ஆம், ஜேர்சிக்கு முன்பே இரண்டாவது. மார்கழியில் வாடை அடித்து மழை விடாமல் பெய்யும்போது ஒரு பிப் காய இரண்டு நாள் எடுக்கும். ஈரப் பேட்டோடு ஓடுவதுதான் புண் வருவதற்கு மிகக் குறுகிய வழி. மூன்றாவதாக ஜேர்சி, நான்காவதாகக் கையுறை. சொக்ஸ், தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையை மூடும் உறை, ஹெல்மட்டுக்குள் போடும் மெல்லிய தொப்பி எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேரட்டும். ஜேர்சி வரும்வரை கிரிக்கெட் அணிக்கு அடித்த பொலியெஸ்ரர் ரீசேர்ட் போதும். பருத்தி பெனியன் மட்டும் வேண்டாம். பருத்தி நூல் தன் நிறையில் 8 சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வைத்திருக்கும். பொலியெஸ்ரர் அரைச் சதவீதம்கூட வைத்திருக்காது. நைலோன் இடையில், 4 சதவீதம் அளவில். வியர்வை தொடங்கினால் இந்த வித்தியாசத்தைத் தோள் உடனே சொல்லும்.

இடுப்பு எலாஸ்ரிக் வைத்த காற்சட்டை விலை குறைவு, வழியில் ஒதுங்கவும் வசதி. குனிந்து மிதிக்கும்போது எலாஸ்ரிக் வயிற்றை வெட்டும், பேட் இடம் நகரும். 20 கிலோமீற்றருக்குள் ஓடுகிறவர்களுக்கு அது போதும். பாசிக்குடா வரை போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால் பிப்தான்.

அளவெடுத்தல்

தையல் நாடா எடுங்கள். நெஞ்சு: கக்கத்துக்குக் கீழே, அகலமான இடத்தில். இடுப்பு: தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளே இழுக்காமல். பின்புறம்: மிக அகலமான இடத்தில், கால்களைச் சேர்த்து நின்று. மூன்றையும் சென்ரிமீற்றரில் எழுதி வைத்து, அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். "நான் எப்பவும் மீடியம்தான்" என்ற கணக்கு இங்கே செல்லாது. இத்தாலிய நிறுவனங்களின் மீடியம் பலருக்கு இறுக்கம். காஸ்டெல்லி வாங்குகிறவர்கள் ஒரு அளவு கூட்டி எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆசிய அளவு என்று குறித்து வரும் சீனத் தயாரிப்பு என்றால் ஒன்று, சில வேளை இரண்டு கூட்ட வேண்டும். நெஞ்சளவு ஒரு வரியிலும் பின்புறம் இன்னொரு வரியிலும் விழுந்தால், பிப்புக்குப் பின்புறத்தை நம்புங்கள், ஜேர்சிக்கு நெஞ்சை.

போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. சைக்கிளில் இருப்பதுபோல் முன்னே குனிந்து, ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிமிரும்போது பட்டி தோளை இழுக்கும், ஜேர்சியின் முன்பக்கம் சுருங்கும். அது பிழையில்லை, குனிந்த உடம்புக்கு வெட்டிய துணி அப்படித்தான். குனிந்தபோது பேட்டுக்கும் உடம்புக்கும் இடையில் இடைவெளி இருந்தால் அளவு பெரிது. அந்த இடைவெளியில் துணி மடியும், மடிந்த இடம் உரசும், உரசிய இடம் மறுநாள் கொப்பளிக்கும். தொடையில் துணியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்: இழைகளுக்கிடையில் வெள்ளை தெரிந்தால் அளவு சிறிது, அல்லது துணி மெலிது.

உள்பக்கம்

கடையில் வாங்கினால் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "காக்கா, உள்பக்கம் திருப்பிப் பார்க்கட்டா?" என்று கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தானே திருப்பிக் காட்டுவார். இணையத்தில் வாங்கினால் பார்சலைப் பிரித்ததும் இதையே செய்யுங்கள், சீட்டை வெட்டுமுன்.

பேட்டின் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். விரல் மறுபக்கத்துத் துணியைத் தொட்டுவிட்டால் அது சும்மா பஞ்சு. அரை மணித்தியாலத்தில் தட்டையாகிவிடும். நல்ல பேட் அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்கும், விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பும். பிறகு இருக்கை எலும்பு படும் இரு பக்கத்தையும் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். எலும்பு படும் இடம் கெட்டியாகவும் ஓரம் கடதாசி மாதிரி மெலிந்தும் போனால் அது பல அடுக்குப் பேட். ஓரம் வரை ஒரே தடிப்பு என்றால் ஒரே பஞ்சுத் தகட்டை அச்சில் வெட்டியது. அந்த ஓரம்தான் தொடையின் உள்பக்கத்தை அறுக்கும்.

தடிப்பு அதிகமென்றால் சுகம் அதிகம் என்பது புதியவர்கள் எல்லோரும் விழும் குழி. மெத்தைபோல் தடித்த, மென்மையான பேட்டில் எலும்பு அமிழ்ந்துபோகும். அமிழ்ந்தால் நடுவில் இருக்கும் நரம்பிலும் இரத்தக் குழாயிலும் பாரம் ஏறும். மரத்துப் போவது பெரும்பாலும் சீற்றின் அகலமோ சரிவோ பிழையானதால் வருவது. பேட்டைத் தடிப்பாக்கினால் அது தீராது. கவனிக்க வேண்டியது அடர்த்தி. பேட் செய்யும் நிறுவனங்கள் அதை ஒரு கன மீற்றருக்கு இத்தனை கிலோ என்று சொல்லும். நீண்ட ஓட்டத்துக்கானவை 100 தாண்டி 120 வரை வரும். மலிவானவை அந்த எண்ணைச் சொல்வதே இல்லை. அதற்குப் பதிலாக 3டி, 9டி, 20டி என்று எழுதியிருக்கும். அந்த எண்களுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஜெல் என்று எழுதியவற்றையும் நமது சூட்டில் நம்பவேண்டாம்: ஜெல் காற்றை விடாது, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

பல நிறுவனங்கள் பேட்டைத் தாங்களே செய்வதில்லை. இத்தாலியில் எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ் என்ற பெயரில் வரும் பேட் பெரிய நிறுவனங்களின் பிப்பிலும் இருக்கும், நடுத்தர விலையிலும் இருக்கும். பொருள் விபரத்தில் பேட் செய்தவரின் பெயரைத் தேடுங்கள். பிப்பின் பெயர் கேள்விப்படாததாக இருந்தாலும் பேட் தெரிந்த இடத்திலிருந்து வந்ததென்றால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. பெண்களுக்கான பேட் வேறு வெட்டு: எலும்புகள் இருக்கும் பகுதி அகலமாகவும் முன்பக்கம் கட்டையாகவும் வரும். விலை குறைவென்று ஆண்களின் பிப்பை எடுத்தால் முன்பக்கத்துப் பேட் சும்மா மடிந்து கிடந்து உரசும்.

அடுத்தது தையல். இதற்கு வெளியில் நிபுணர் தேட வேண்டியதில்லை. காமென்டில் வேலை செய்த ஒருவர் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார். அந்த அக்காவிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் ஓவர்லொக்கா பிளாட்லொக்கா என்று சொல்வார். இரண்டு துணித் துண்டும் பக்கத்துப் பக்கமாகப் படுத்து, விரலால் தடவினால் மேடு தெரியாமல் இருப்பது பிளாட்லொக். ஓவர்லொக் போட்டால் உள்ளே ஒரு கயிறு மாதிரி மேடு நிற்கும். ஜேர்சியில் அது பரவாயில்லை, பிப்பின் தொடை உள்பக்கத்தில் இருந்தால் கட்டாயம் உரசும். பேட்டைச் சுற்றிய தையலை இரு கையாலும் பிடித்து இழுங்கள். நூல் துணியோடு சேர்ந்து நீளவேண்டும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் நீளாத நூலால் தைத்திருக்கிறார்கள். அது முதல் மாதத்திலேயே விடும்.

துணியில் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். பிப்புக்கு நைலோன் 75 முதல் 80 சதவீதம், மீதி எலாஸ்டேன், நிறை 180 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணியின் நிறை, கிராமில்). லைக்ரா என்று நாம் சொல்வது எலாஸ்டேனுக்கு டுபொன்ட் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். அந்த இழை அங்கே உருவானது 1958இல். அதற்கு முந்திய காலத்தில் கம்பளிக் காற்சட்டைக்குள் ஆட்டினத் தோல் தைத்திருந்தார்கள். கழுவிக் காய்ந்ததும் தோல் பலகைபோல் ஆகிவிடும், அதை இளக்கவே கிறீம் பூசினார்கள். இன்றைய பேட்டுக்கு இளக்கம் தேவையில்லை. கிறீம் இப்போது உங்கள் தோலுக்கு, உரசலைக் குறைக்க.

ஒன்றை வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்: பிப்புக்குள் உள்ளாடை போடக் கூடாது. உள்ளாடையின் விளிம்புத் தையல் சரியாக எலும்பு படும் இடத்தில் வரும், பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல பேட்டுக்குக் கொடுத்த காசு அத்தனையும் அதோடு வீண்.

ஜேர்சியை ஊரில் அடிக்கலாம்

பிப்பை வெளியிலிருந்து எடுத்து, ஜேர்சியை ஊரில் அடிப்பதுதான் காசுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த வழி. கிழக்கில் எந்தக் கிராமத்தை எடுத்தாலும் ஒரு விளையாட்டுக் கழகம், அதற்கொரு நிறம் நிறமான ஜேர்சி. அதே சப்ளிமேஷன் அச்சுதான் உலகத்துச் சைக்கிள் ஜேர்சிகளிலும் இருப்பது. மையைக் கடதாசியில் அடித்து, 200 பாகைக்குக் கிட்டிய சூட்டில் ஒரு நிமிடம் அளவில் அழுத்தினால் மை ஆவியாகி இழைக்குள் போய்விடும். அதனால்தான் அது கழுவக் கழுவ உரியாது. பொலியெஸ்ரரில் மட்டும்தான் பிடிக்கும், அதுவும் வெள்ளைத் துணியில். சூடு குறைந்தால் கறுப்பு நரைத்த மாதிரி வரும். முழு ஜேர்சி அடிக்குமுன் அதன் ஒரு கைப் பகுதியை மட்டும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடிப்பவர்களுக்குச் சைக்கிள் ஜேர்சியின் வெட்டுப் பழக்கமில்லாமல் இருக்கலாம். கிரிக்கெட் ஜேர்சியின் அச்சில் பின்னால் பை வைத்துத் தந்துவிடுவார்கள். இவற்றை எழுதிக் கொடுங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 6 முதல் 8 சென்ரிமீற்றர் நீளம். முழு நீளச் சிப். பின்னால் மூன்று பை, ஒவ்வொன்றும் 12, 13 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழம். பையின் மேல் மூலைகளில் இரட்டைத் தையல், ஏனென்றால் ஃபோன், டியூப், சாவி, இரண்டு வாழைப்பழம் போட்டால் முழுப் பாரமும் அந்த இரண்டு மூலையில்தான் தொங்கும். கீழ் விளிம்பில் உள்பக்கம் சிலிக்கன் கோடு ஓடிய எலாஸ்ரிக். வெறும் எலாஸ்ரிக் என்றால் பை நிறைந்ததும் ஜேர்சி மேலே ஏறும். துணி 120 முதல் 140 ஜிஎஸ்எம், கக்கமும் இரு விலாப் பக்கமும் வலைத் துணி.

முதுகு முழுவதும் வலை வைப்பது நல்ல யோசனை மாதிரித் தெரியும். வேண்டாம். குனிந்திருக்கும்போது வெயில் விழுவது முதுகில்தான், பெரிய துளை வலையால் வெயில் நேரே இறங்கும். வாங்கும் ஜேர்சியாக இருந்தால் யூபிஎஃப் 50 என்ற குறியைப் பாருங்கள். புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும் என்று அர்த்தம். துணி விரிந்தால் அந்தப் பாதுகாப்புக் குறையும், ஆகவே மிக இறுக்கமான ஜேர்சி வெயிலுக்கும் நல்லதில்லை.

சிப்பைத் தனியாகச் சொல்லவேண்டும். கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் வீட்டில் மலிவுச் சிப்பின் உலோகத் தலை ஒரு வருடத்தில் பச்சை பிடித்து இறுகிவிடும். பிளாஸ்ரிக் பல், பூச்சுப் போட்ட தலை இருக்கவேண்டும். தலையின் பின்னால் வைகேகே என்று பொறித்திருந்தால் நல்லது. அச்சுக் கடையில் அதையே கேட்டால் கொஞ்சம் காசு கூடும், கொடுங்கள். கழுத்துப் பக்கத்தில் சிப்பின் முனையை மூடும் ஒரு துணி மடிப்பும் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொண்டையைக் கீறும்.

பிப்பை மட்டும் ஊரில் தைக்க முயல வேண்டாம். நாலு பக்கமும் நீளும் துணியில் பேட்டை இழுக்காமல் தளர்த்தாமல் பொருத்துவதற்கு அதற்கான அச்சும் மெசினும் வேண்டும்.

பெயர்கள்

டெகத்லான் பிரான்சில் 1976இல் தொடங்கிய நிறுவனம். ரோட் சைக்கிளுக்கான அதன் பெயர் வான் ரைசல். கொடுக்கும் காசுக்கு இதைவிட நேர்மையான பிப் கிடைப்பது அரிது. அடிப்படை வரிசையிலேயே பேட் ஒழுங்காக இருக்கும். முதல் பிப் எது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சாண்டிக் போன்ற சீனப் பெயர்கள் இன்னும் மலிவு. துணி நன்றாகவே இருக்கும், பேட் ஒரு மணித்தியால ஓட்டத்துக்குத் தாங்கும். ஒரே மாதிரியில் வாங்கிய இரண்டு பிப்பின் அளவு ஒன்றாக இல்லாமல் போகலாம். இரண்டாவது பிப்பாக, கிழமை நாளில் ஓடுவதற்கு எடுக்கலாம்.

நடுவில் இத்தாலியக் கூட்டம்: காஸ்டெல்லி, ஸ்போர்ட்ஃபுல், சாண்டினி. முதல் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. லைக்ராக் காற்சட்டையை 1977இல் கொண்டுவந்தவர்களில் காஸ்டெல்லி ஒன்று. சாண்டினி 1965இல் தொடங்கியது. பிரான்ஸ் சுற்றுப் போட்டியின் மஞ்சள் ஜேர்சியை 2022 முதல் அடிப்பது அதுதான். இவற்றில் ஒரே பெயருக்குள் மூன்று நான்கு விலைப்படி இருக்கும், பேட்டும் படிக்குப் படி மாறும். கீழ்ப்படியை வாங்கிவிட்டு மேல்படியின் மதிப்புரையைப் படித்து மகிழ்கிறவர்கள் நிறையப் பேர். மாதிரியின் முழுப் பெயரையும் பாருங்கள். காஸ்டெல்லியில் புரொஜெட்டோ எக்ஸ்2 என்ற பேட் உள்ள பிப்பை நீண்ட ஓட்டத்துக்கு நம்பலாம்.

மேலே அசோஸ், ரஃபா, மாப் போன்றவை. அசோஸ் சுவிஸ் நிறுவனம், அதுவும் 1976. அதன் மில் வரிசை நீண்ட ஓட்டத்துக்கு, எக்கிப் வரிசை பந்தயத்துக்கு. பந்தயம் ஓடாதவர் எக்கிப் எடுத்தால் இறுக்கத்துக்குத்தான் காசு கொடுப்பார். ரஃபா 2004இல் லண்டனில் தொடங்கியது. அதன் கோர் வரிசையில் அலங்காரம் குறைவு, விலையும் அதற்கேற்பக் குறைவு. இந்த வகையின் உயர்ந்த பிப்புகள் 200 அமெரிக்க டொலரைத் தாண்டும். கிழமைக்கு மூன்று நாள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு அது நியாயப்படலாம். ஞாயிறு காலையில் மட்டும் கல்லடிக் கடற்கரைக்குப் போய்வருகிறவருக்கு இல்லை.

கணக்கு இப்படிப் போடுங்கள். உதாரணத்துக்கு 9,000 ரூபா பிப் 60 ஓட்டத்துக்குத் தாங்கினால் ஓர் ஓட்டத்துக்கு 150 ரூபா. 24,000 ரூபா பிப் 200 ஓட்டத்துக்குத் தாங்கினால் 120 ரூபா. 60,000 ரூபா பிப் 500 ஓட்டம் ஓடினால்தான் அதே 120. அதற்குள் எலாஸ்டேன் களைத்துவிடும். நடுத்தர விலைதான் பெரும்பாலும் வெல்லும். விலை இரண்டு மடங்கானால் உழைப்பும் இரண்டு மடங்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய அணிகளின் ஜேர்சியும் பிப்பும் சோடியாக 20 டொலருக்கு என்று வந்தால் அது நகல். ஜேர்சி ஒரு பருவத்துக்குப் போகும், அதைப் போட்டு ஓடுவதில் ஆபத்து ஒன்றுமில்லை. பிப்தான் சிக்கல்: பேட் அடுக்குகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள், வியர்வையிலும் சூட்டிலும் பசை விட்டு உள்ளே பஞ்சு உருண்டுவிடும்.

எங்கிருந்து, எப்போது

ஐரோப்பாவில் கோடை முடியும் ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை கோடை உடுப்புகளைக் கழித்துத் தள்ளுவார்கள். நமக்கு வருடம் முழுக்க அதுதான் உடுப்பு. போன வருட நிறம் என்பதற்காக விலை குறைந்த பிப்பில் பேட் ஒன்றும் பழையதில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரர் மார்கழி விடுமுறைக்கு வருகிறார் என்றால் அப்போதே வாங்கி அவர்களின் வீட்டில் வைத்திருக்கச் சொல்லலாம். இரண்டு பிப் ஒரு கிலோவுக்குள் அடங்கும். தபாலில் எடுத்தால் பொருளின் விலை, அனுப்பும் கூலி, சுங்க வரி, வற் எல்லாவற்றையும் கூட்டி வரும் இறுதி எண்ணைத்தான் மேலே சொன்ன கணக்கில் போடவேண்டும். அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் கூலி பொருளின் விலையைத் தொடும். அதனால் ஒரு பெயரை முதன்முதலில் எடுக்கும்போது ஒன்று மட்டும் வாங்குங்கள். அளவு சரி வந்த பிறகு அதே மாதிரியில் இரண்டாவது.

உடம்பை மூடி ஓடுவது

இறுகிய பிப்போடு ஊருக்குள் போகக் கூச்சப்படுவோர் பலர். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் அது மரியாதைப் பிரச்சினையும்கூட. வழி இருக்கிறது. பிப்புக்கு மேல் மெல்லிய பொலியெஸ்ரர் கட்டைக் காற்சட்டை போடலாம். அதன் கவட்டில் தடித்த தையற் சந்தி இருக்கக் கூடாது. அது சீற்றின் மூக்கில் கொளுவும், பேட்டின் பயனையும் கெடுக்கும். கால் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கட்டும், அதைவிட நீளமாகத் தொளதொளத்தால் கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் பாய் விரித்த தோணிதான். இன்னொரு வழி கணுக்கால் வரை நீளும் கோடைப் பிப். குளிருக்கான, உள்பக்கம் பஞ்சு வைத்த நீளப் பிப்பும் படத்தில் அப்படியேதான் தெரியும். விபரத்தில் எந்தப் பாகைக்கு என்று பார்த்து எடுங்கள். பெண்களுக்கு நீளக் கை ஜேர்சியை ஒரு அளவு கூட்டி, இடுப்புக்குக் கீழே 10 சென்ரிமீற்றர் நீட்டி ஊரிலேயே அடிக்கலாம். ஹெல்மட்டுக்குள் போடும் முக்காடு ஊசி இல்லாத, ஒரே துண்டாகத் தைத்த மெல்லிய வகையாக இருக்கவேண்டும். ஊசி ஹெல்மட்டுக்கும் தலைக்கும் இடையில் வந்தால் விழுந்த நேரம் குத்தும்.

நீளக் கையால் சூடு கூடும் என்று பயப்பட வேண்டாம். வெள்ளைக் கை உறையை நனைத்துப் போட்டு ஓடினால் காற்றுப் பட்டுக் குளிரும், கையும் கருகாது.

நிறம்

பிப் கறுப்பு. மற்ற நிறங்கள் நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டும். ஜேர்சிக்குப் பலரும் பளிச்சென்ற மஞ்சட்பச்சையை எடுக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் இருபுறமும் வயல் பச்சையாக நிற்கும் காலத்தில் அந்த நிறம் வயலோடு கலந்துவிடும்; செம்மஞ்சளோ ரோசாவோ தூரத்திலிருந்தே தெரியும். இந்தப் பளிச்சு நிறங்கள் பகல் வெளிச்சத்தில்தான் வேலை செய்யும். விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்குகிறவருக்கு வேண்டியது ஒளி தெறிக்கும் பட்டி, அதுவும் கணுக்காலில். மேலும் கீழும் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்ததும் லொறிக்காரருக்குச் சைக்கிள் என்று விளங்கும். (வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு விளங்காது. அதற்கு முன் லைற் வேண்டும்.)

மழைச் சட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நமது மழை குளிர்வதில்லை, சட்டைக்குள் வியர்வையில் நனைவீர்கள். கை இல்லாத மெல்லிய காற்றுச் சட்டை பையில் இருந்தால் போதும்.

கழுவுதல்

நல்ல பிப் அரைவாசி ஆயுளில் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கொடியும் வாளியும்தான். ஓடி வந்து தேநீர்க் கடையில் அரை மணித்தியாலம் ஈரப் பிப்போடு குந்தியிருக்காதீர்கள். கிருமி பெருகுவது அப்போதுதான். வீட்டுக்கு வந்ததும் முதலில் சும்மா தண்ணீரில் அலசி உப்பை எடுங்கள். பிறகு அரை வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம், உள்பக்கம் வெளியே இருக்கத் திருப்பி, 15 நிமிடம் ஊறவிட்டு, பேட்டைக் கையால் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். பிரஷ் போட வேண்டாம், கல்லில் அடிக்கவும் வேண்டாம். வாசனைக்கு ஊற்றும் துணி மென்மையாக்கி இழைகளின் மேல் படலம் போடும், பிறகு வியர்வை வெளியேறாது. குளோரின் எலாஸ்டேனைத் தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள்.

பிழியாமல், ஒரு துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, நிழலில் பேட் வெளியே தெரியப் போடுங்கள். பட்டியில் தொங்கவிட்டால் ஈரப் பேட்டின் பாரத்தில் பட்டி நீண்டுவிடும். நடுவில் மடித்துக் கொடியில் போடவேண்டும். நேர் வெயிலில் காயவிடும் பழக்கம்தான் நம்மிடம் மாற்றக் கடினமானது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கழுவிக் காய்ந்த பிப்பைக் கையில் மாட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரியுங்கள். சீற் படும் இடத்தில் கறுப்பு மங்கிப் பழுப்படித்து விரல் தெரிந்தால், பின்னால் வருகிறவர் அதை ஏற்கனவே பார்த்துவிட்டார். பெருவிரல் அழுத்தத்துக்குப் பேட் எழும்பவில்லை என்றாலும் மாற்றவேண்டியதுதான். கால் விளிம்புச் சிலிக்கன் மட்டும் உரிந்திருந்தால் எறிய வேண்டாம்: ஊர்த் தையற்காரரிடம் புது எலாஸ்ரிக் பட்டி கொடுத்து, நேர்த் தையல் இல்லாமல் வளைவுத் தையலால், துணியை இழுத்துப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். இன்னொரு வருடம் ஓடும்.